மாரடைப்பு பரம்பரையாக வருமா? குடும்பங்களில் எழும் கேள்விகளும் பதில்களும்

"அப்பாவுக்கு 48 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். சித்தப்பா 51 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். எங்கள் வீட்டு ஆண்கள் ஐம்பதைத் தாண்டுவது கஷ்டம்." இப்படி விதியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசும் குடும்பங்கள் உண்டு. "எங்கள் தாத்தா நெய்யில் நீந்தியவர், தொண்ணூறு வரை கல்லுக்குண்டு போல இருந்தார்" என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் மரபணுவைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்தச் சாட்சி உண்மையில் என்ன சொல்கிறது என்பதற்கான பதில்கள் கீழே இருக்கின்றன. இவை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு உதவும்.

இதய நோய் பரம்பரை நோயா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. 'பரம்பரை' என்று நாம் சொல்லும்போது குறைந்தது மூன்று வெவ்வேறு சங்கதிகளைக் கலந்து பேசுகிறோம். முதலாவது, ஒரே ஒரு மரபணுவில் உள்ள பெரிய பழுது. பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் போய்ச் சேர்வதற்குச் சரிபாதி வாய்ப்பு. இரண்டாவது, நூற்றுக்கணக்கான மரபணு இடங்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்கள். தனித்தனியாக எதுவும் பெரிதில்லை, கூடினால் கனக்கும். மூன்றாவது மரபணுவே அல்ல. ஒரே சமையலறை, ஒரே சிகரெட் புகை, ஒரே கவலை. அப்பாவின் உப்பும் பிள்ளையின் உப்பும் ஒரே ஜாடியிலிருந்து வருகிறது.

இவற்றைப் பிரித்துப் பார்க்க இரட்டையர்கள் உதவுகிறார்கள். ஸ்வீடனில் சுமார் 21,000 இரட்டையர்களை 26 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1994இல் வெளியானது. உருவொத்த ஆண் இரட்டையரில் ஒருவர் 55 வயதுக்கு முன் இதய நோயில் இறந்திருந்தால், மற்றவருக்கு அதே சாவு நேரும் அபாயம் சுமார் எட்டு மடங்கு. உருவம் ஒவ்வாத இரட்டையரில் அது நான்கு மடங்கை ஒட்டி நின்றது. உருவொத்தவர்களுக்கு மரபணு முழுக்க ஒன்று, மற்றவர்களுக்குப் பாதிதான் ஒன்று. இந்த இடைவெளியில்தான் மரபணுவின் கை தெரிகிறது. முதலில் இறந்தவரின் வயது ஏற ஏற அந்த அபாயம் தேய்ந்துகொண்டே வந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அதாவது இளம் வயது மாரடைப்பில் மரபணுவின் குரல் உரக்கக் கேட்கிறது, எண்பது வயதில் வருவதில் முணுமுணுக்கிறது.

அப்படியானால் யாருக்கு வந்திருந்தால் நான் கவலைப்பட வேண்டும்?

மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு இது: அப்பா அல்லது உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன், அம்மா அல்லது உடன்பிறந்த பெண்ணுக்கு 65 வயதுக்கு முன். 82 வயதில் மாரடைப்பால் இறந்த தாத்தா இந்தக் கணக்கில் வரமாட்டார்.

வயது தெரியாமல் கணக்குப் போட முடியாது, நம் வீடுகளில் சிக்கலே அங்கேதான். "நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்", "வாயு என்று சோடா குடித்தார், கண்ணை மூடிவிட்டார்", "காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்று கதை கிடைக்கும், வயது கிடைக்காது. பாட்டியையோ பெரியத்தையையோ உட்காரவைத்து ஒரு மாலை முழுக்கக் கேளுங்கள். யார், எந்த வயதில், புகைத்தாரா, சர்க்கரை இருந்ததா, நன்றாக நீந்தத் தெரிந்தும் கிணற்றில் மூழ்கியவர் யாராவது உண்டா, கைக்குழந்தையாகத் தூக்கத்தில் போனது உண்டா என்று. ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் சில பரிசோதனைகளைவிட இந்தத் தாள் அதிகம் பேசும்.

அம்மா வழி கணக்கில் வராது என்கிறார்களே?

தவறு. கோத்திரம் அப்பா வழியில் வரலாம், கொலஸ்ட்ரால் மரபணு அப்படி வருவதில்லை. இங்கே பேசப்போகும் முக்கியமான மரபணுக்களில் பெரும்பாலானவை பாலினக் குரோமோசோம்களில் இல்லை. அதனால் அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் சமமாகவே வரும், மகனுக்கும் மகளுக்கும் சமமாகவே போகும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை மாரடைப்பு அபாயம் சற்றுத் தள்ளிப்போவதால், அம்மாவிடம் இருந்த பழுது வெளியே தெரியாமலேயே மகனிடம் முதலில் வெடிக்கலாம்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொலஸ்ட்ரால் அதிகம். சாப்பாடுதானே காரணம்?

பலருக்கு ஆம். ஆனால் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், அதுவும் குடும்பத்தில் பலருக்கு அப்படி இருந்தால், குற்றத்தை வடை மீது மட்டும் சுமத்தாதீர்கள். குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் என்று ஒரு நோய் இருக்கிறது. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கும். ஒரு பெரிய கல்யாண மண்டபம் நிரம்பினால் அதில் மூன்று நான்கு பேருக்கு இருக்க வாய்ப்புண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

நடப்பது இதுதான். ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கொக்கிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. அந்தக் கொக்கியைச் செய்யும் மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக வரும் அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் கொக்கிகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். கொழுப்பு பிறந்த நாளிலிருந்தே ரத்தத்தில் தேங்கும். நாற்பது வயதில் கொழுப்பு ஏறியவருக்கும், தொட்டிலிலிருந்தே ஏறியிருந்தவருக்கும் இன்றைய அளவு ஒன்றாக இருக்கலாம், ரத்தக்குழாய் பட்ட அடி ஒன்றல்ல. சிகிச்சை இல்லாவிட்டால் இப்படிப்பட்ட ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் சுமார் 30 சதவீதத்தினருக்கு 60 வயதுக்குள்ளும் இதய ரத்தக்குழாய் நோய் வந்துவிடுகிறது.

அமெரிக்காவின் டெக்சாஸில் இந்தக் கொக்கியைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே மாநிலத்துச் சிறுமி ஸ்டார்மி ஜோன்ஸின் கதை இந்த அறிவியலின் உருக்கமான பக்கம். அவளுக்கு இரண்டு பிரதிகளுமே பழுது. ஆறு வயதுக்குள் மாரடைப்பும் அறுவைச் சிகிச்சைகளும் கண்டவள். 1984 பிப்ரவரி 14 அன்று பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்சல் குழுவினர் அவளுக்கு இதயத்தையும் கல்லீரலையும் ஒருசேர மாற்றினார்கள். கெட்டுப்போன இதயத்தை மாற்றுவது புரிகிறது, கல்லீரலை ஏன்? கொக்கிகள் பெரும்பாலும் இருப்பது அங்கேதானே! புதிய கல்லீரல் வேலையைத் தொடங்கியதும் எல்.டி.எல். சுமார் 80 சதவீதம் இறங்கியது. 1990இல், 13 வயதில் அவள் இறந்தாள். இதய நோயின் வேர் இதயத்தில் இல்லாமலும் இருக்கலாம் என்பதை அவளைவிடத் தெளிவாகக் காட்டியவர் யாருமில்லை.

இந்த நோயை எப்படிக் கண்டுகொள்வது?

ரத்தப் பரிசோதனையே முக்கியம். சிலருக்கு உடம்பிலும் அடையாளம் தெரியும். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாண் மேலும் தடிப்பது, கைவிரல் முட்டிகளின் மேல் கெட்டியான முடிச்சுகள், 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெண்வளையம். இவை இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், பெற்றோர் எல்லோரும் கொழுப்பைப் பார்த்தாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி வயதிலேயே பார்ப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைக்குக் கொழுப்பு டெஸ்ட் என்றதும் பரிசோதனைக் கூடத்தில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சொந்தத்தில் கட்டிக்கொண்டால் ஆபத்து கூடுமா?

இந்த ஒரு விஷயத்தில் கட்டாயம் கூடும். ஒரு தாத்தாவிடம் இருந்த பழுதான பிரதி, மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் நடக்கும் கல்யாணத்தில் மறுபடி சந்தித்துக்கொள்ளலாம். இருவருமே ஒரு பழுதுப் பிரதியைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பழுதுப் பிரதிகள் வர நான்கில் ஒரு வாய்ப்பு. உலக அளவில் சுமார் 3 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் இந்தக் கடுமையான வகை, நெருங்கிய சொந்தத்தில் மணக்கும் சமூகங்களில் அதைவிட அதிகமாகத் தெரிகிறது. இந்தியாவில் இத்தகைய திருமணங்கள் அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதை நாம் மறைத்துப் பயனில்லை.

இந்தக் குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால், பிட்டத்தில் மஞ்சள் நிறத் தடிப்புகள் சின்ன வயதிலேயே வரும். மரு என்று நினைத்துத் தோல் மருத்துவரிடம் அலைவார்கள். அப்படிப்பட்ட தடிப்பைப் பார்த்தால் ஒரு கொழுப்புப் பரிசோதனை எழுதித் தரும்படி கேளுங்கள். ஏற்கெனவே மாமன் மகளைக் கட்டியவர்கள் பதறத் தேவையில்லை. இருவருக்கும் எல்.டி.எல். சாதாரண அளவில் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்தது.

ஒல்லி, புகைப்பதில்லை, சர்க்கரை இல்லை, கொழுப்பும் நார்மல். ஆனாலும் 42 வயதில் மாரடைப்பு. ஏன்?

காரணம் பல இருக்கலாம். அவற்றில் நம் ஊரில் அதிகம் தேடப்படாத ஒன்று லிப்போபுரோட்டீன்-ஏ. எல்.டி.எல். துகளின் முதுகில் இன்னொரு புரதம் சங்கிலிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் வடிவம் இது. நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் 1963இல் கண்டறிந்தார். இதன் அளவை ஏறக்குறைய முழுவதும் மரபணுவே தீர்மானிக்கிறது. நீங்கள் நடந்தாலும் ஓடினாலும் பட்டினி கிடந்தாலும் பெரிதாக அசையாது. உலகில் ஐந்தில் ஒருவருக்கு இது 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வழக்கமாக எடுக்கும் கொழுப்புப் பரிசோதனையில் இது தனியாகத் தெரியாது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. அப்போலிப்போபுரோட்டீன் ஏ1 என்று வேறொரு பரிசோதனை இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் மாற்றி எடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. சீட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் குறிவைக்கும் மருந்துகள் ஆய்வுக் கட்டங்களில் இருக்கின்றன. எல்.டி.எல்.ஐக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை இதைக் குறைப்பதில்லை. அப்புறம் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறீர்களா? இது அதிகம் என்று தெரிந்தவருக்கு எல்.டி.எல்., ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றில் மருத்துவர் காட்டும் தளர்வு குறையும். 'எல்லைக்கோட்டில் இருக்கிறது, ஆறு மாதம் பார்க்கலாம்' என்பது 'இன்றே தொடங்குவோம்' என்று மாறும்.

நம் இனத்தின் மரபணுவே மோசம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பாதி உண்மை, மீதி பீதி. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு ஆண்டு முந்துகிறோம். ஆனால் இதே ஆய்வுதான் வேறொன்றையும் சொன்னது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்புக் குறைவு, மதுப் பழக்கம் ஆகிய ஒன்பது காரணிகளே உலகெங்கும் மாரடைப்பு அபாயத்தில் சுமார் 90 சதவீதத்தை விளக்கிவிடுகின்றன. நமக்கு அவை இளமையிலேயே வந்துவிடுகின்றன என்பதுதான் அந்த ஆறு ஆண்டின் பெரும்பகுதி ரகசியம். நமது உடல்வாகில் கொழுப்பு வயிற்றில் சேரும் போக்கு அதிகம் என்பதால், இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று நமக்குத் தனியாக வரம்பு வைத்திருக்கிறார்கள்.

'இனத்தின் மரபணு' என்ற பேச்சுக்கு ஒரு மதுரைக் கதையும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் பலருடன் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதயத் தசையின் புரதம் ஒன்றைச் செய்யும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் மாற்றம், தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருக்கிறது, அவர்களுக்கு இதயத் தசை நோய் அபாயம் பல மடங்கு என்றது கட்டுரை. செய்தித்தாள்கள் துள்ளிக் குதித்தன. 2020இல் வந்த மறு ஆய்வு, அந்த விடுபடல் தனியாக அவ்வளவு கேடு செய்வதில்லை, அதைச் சுமப்பவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதனுடன் ஒட்டி வரும் இன்னொரு மாற்றமே உண்மையான குற்றவாளி என்றது. முதல் செய்தி இன்றும் பகிரப்படுகிறது. திருத்தத்தை யாரும் எனக்கு அனுப்பியதே இல்லை. தவிர, இது இதயத் தசை நோயைப் பற்றியது, மாரடைப்பைப் பற்றியது அல்ல.

விளையாடிக்கொண்டிருந்த இளைஞர் திடீரென விழுந்து இறக்கிறாரே, அதுவும் மாரடைப்பா?

பெரும்பாலும் இல்லை. ரத்தக்குழாய் அடைப்பது வேறு, இதயத்தின் துடிப்பு குலைவது வேறு. இளம் வயதுச் சாவுகளில் இரண்டாவதுதான் அதிகம் சந்தேகிக்கப்படும். இதயத் தசை காரணமின்றித் தடிக்கும் நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, எக்கோவில் தெரியும். க்யூ.டி. நீட்சி என்ற மின்கோளாறு சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு, ஈசிஜியில் தெரியக்கூடியது. இந்த இரண்டாவதில் வியப்பான ஒன்று உண்டு. எந்த மரபணு பழுது என்பதைப் பொறுத்துத் தூண்டுதல் மாறும். ஒரு வகையில் நீச்சல், இன்னொரு வகையில் அலாரம் போன்ற திடீர்ச் சத்தம், மற்றொன்றில் ஆழ்ந்த தூக்கம். கிணற்றில் மூழ்கியவரைப் பற்றி மேலே கேட்கச் சொன்னது இதனால்தான். இப்படி ஒரு சாவு வீட்டில் நேர்ந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுங்கள்.

நேராக மரபணுப் பரிசோதனையே எடுத்துவிடலாமா?

எல்லோருக்கும் தேவையில்லை. கொழுப்புப் பரிசோதனை, லிப்போபுரோட்டீன்-ஏ, சர்க்கரை, ரத்த அழுத்தம், தேவையானால் ஈசிஜி, எக்கோ. இவை முதலில். இவற்றில் குடும்பவழிக் கொலஸ்ட்ராலோ தசை நோயோ துடிப்புக் கோளாறோ தென்பட்டால் மரபணுப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. அப்போதும் நோய் உள்ளவரிடமிருந்து தொடங்க வேண்டும். அவரிடம் பழுது எது என்று தெரிந்தால் மற்றவர்களிடம் அதை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். நலமாக இருப்பவரிடம் தொடங்கி 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், உண்மையிலேயே இல்லையா, தேடிய இடம் தவறா என்று சொல்ல முடியாது. 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்றும் முடிவு வரும். அதை வைத்துக்கொண்டு யாரும் தூக்கம் கெட வேண்டாம், சிகிச்சையையும் மாற்ற வேண்டாம்.

எச்சில் அனுப்பினால் மரபணு அபாயத்துக்கு மதிப்பெண் தருகிறோம் என்னும் விளம்பரங்கள், தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வகையான சின்னச் சின்ன மாற்றங்களைப் பற்றியவை. 2007இல் 9ஆம் குரோமோசோமில் கண்டறியப்பட்ட ஓரிடம் அவற்றில் புகழ்பெற்றது. ஐரோப்பிய வம்சாவளியினரில் நான்கில் ஒருவரை ஒட்டி அந்த இடத்தின் அபாய மாற்றத்தை இரண்டு பிரதிகளிலும் சுமக்கிறார்கள். அவர்களுக்கு அபாயம் 30 முதல் 40 சதவீதம் வரை மட்டுமே கூடுகிறது. புகைப்பதால் வரும் கேட்டின் பக்கத்தில் இது வைத்துப் பார்க்கக்கூடிய அளவே இல்லை. மதிப்பெண் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவில் உருவானவை என்பதால், நமக்கு அப்படியே பொருத்தினால் பிசகும்.

தாத்தா நெய்யும் கறியும் சாப்பிட்டு 90 வரை இருந்தாரே?

தாத்தா அதிர்ஷ்டசாலியாக இருக்கலாம். அப்படி ஒரு அதிர்ஷ்ட மரபணு உண்மையிலேயே இருக்கிறது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் மேலே சொன்ன கொக்கிகளை அழிக்கும் வேலை செய்கிறது. அந்த மரபணுவின் ஒரு பிரதியாவது வேலை செய்யாமல் பிறந்தவர்களிடம் கொக்கிகள் நீடித்து நிற்கும். டாலஸைச் சேர்ந்த ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 2.6 சதவீதத்தினரிடம் இது இருந்தது. எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதய ரத்தக்குழாய் நோய் 88 சதவீதம் குறைவு. குறைவு சிறிதானாலும் பிறந்ததிலிருந்தே இருந்ததால் பலன் அவ்வளவு பெரிது. இதைப் பார்த்துத்தான் அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் பிறந்து, 2015இல் புழக்கத்துக்கு வந்தன.

உங்கள் தாத்தாவிடம் அது இருந்ததா, இருந்தாலும் உங்களுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. அவர் நாளுக்கு எத்தனை மைல் நடந்தார் என்பதையும் விசாரித்துவிடுங்கள். அவருடைய தம்பிமார் எத்தனை வயதில் போனார்கள் என்பதையும்.

மரபணு மோசம் என்றான பிறகு நடைப்பயிற்சியும் பத்தியமும் வீண்தானே?

இல்லவே இல்லை. 55,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2016இல் வந்த ஆய்வில், மரபணு அபாயம் மிக அதிகமுள்ள பிரிவினரிடையே கூட, புகைக்காமல், உடல் பருக்காமல், உடற்பயிற்சியும் நல்ல உணவுமாக வாழ்ந்தவர்களுக்கு இதயப் பாதிப்பு அபாயம் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது. குடும்பவழிக் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் பத்தியம் உதவும், ஆனால் பத்தியம் மட்டும் போதாது. மாத்திரை வேண்டும்.

அந்த மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

குடும்பவழி வகைக்கு, ஆம். ரிப்போர்ட் நார்மல் ஆனதும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நார்மல் மாத்திரை போட்டதால் வந்தது, கொக்கி முளைத்ததால் அல்ல. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். கருத்தரிக்க முயலும்போதும் கர்ப்பமாக இருக்கும்போதும் ஸ்டேட்டினைப் பொதுவாக நிறுத்தி வைப்பார்கள்.

மரபணு நோய் என்று எழுதிவிட்டால் இன்சூரன்ஸ் மறுப்பார்களா?

இந்தச் சண்டை இந்தியாவில் நீதிமன்றம் ஏறியதே ஒரு இதய நோயால்தான். தடித்த இதயத் தசை நோய் உள்ள ஒருவருக்கு, மரபணு நோய் என்று காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், மரபணு நோய் என்று பொத்தாம்பொதுவாக விலக்குவது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, அந்தக் காரணத்தால் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குச் சொன்னது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றமும் சென்றது. ஆகவே பாலிசியில் விலக்குகள் பகுதியை வரி விடாமல் படியுங்கள். இருக்கும் நோயை மறைத்துப் பாலிசி எடுக்காதீர்கள், நிராகரிக்க அதுவே அவர்களுக்குக் கைக்காரணம் ஆகிவிடும்.

எனக்கு உறுதியாகிவிட்டது. தம்பி டெஸ்ட் எடுக்க மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

'உனக்கும் வரும்' என்று தொடங்காதீர்கள், ஓடிவிடுவான். உங்கள் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். 'எனக்கு எல்.டி.எல். இவ்வளவு, உனக்கும் இருக்க சரிபாதி வாய்ப்பு, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்' என்று மட்டும் எழுதுங்கள். அவன் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். தனக்காக அசையாதவர்கள் அதற்கு அசைந்து பார்த்திருக்கிறேன். அதற்கும் மசியவில்லையென்றால் தம்பி மனைவியிடம் பேசுங்கள்.